சூரிய மின்சாரம்: சிறுகக் கட்டினால் சிறு விவசாயிக்கும் எட்டும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மணிலா, நெல், கரும்பு, சவுக்கு ஆகிய பயிர்களை நம்பி வாழும் சிறு விவசாயக் குடும்பங்கள் ஏராளம். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இங்கே நல்ல வெயில் உண்டு. ஆயினும் வீட்டுக்குச் சூரிய மின்சாரம் என்ற பேச்சு எழுந்ததும் பலர் பின்வாங்கி விடுகின்றனர். முழு வீட்டுக்கும் சேர்த்துப் போடப்படும் மதிப்பீட்டுத் தொகை, ஒரு போக வெள்ளாமையின் வருமானத்தையே விழுங்கி விடும்போல் இருப்பதுதான் காரணம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி மாட்ட வேண்டும் என்பதில்லை. கிணற்றை ஒரு கோடையில் பாதி தோண்டி, மறு கோடையில் ஆழப்படுத்திக் கட்டுவது போல, சூரிய மின்சாரத்தையும் படிப்படியாக அமைத்துக் கொள்ளலாம். இந்த ஆண்டு மூன்று விளக்கு; அடுத்த வெள்ளாமைக்குப் பின் ஒரு மின்விசிறி; வசதி வந்தபின் மற்றவை. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எதைப் பிற்பாடு கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது என்பதை முதல் நாளே தெரிந்து கொள்ள வேண்டும். தெரியாமல் வாங்கினால், இரண்டாவது படிக்குப் போகும்போது முதற்படியில் போட்ட பணம் வீணாகும். சுருங்கச் சொன்னால் விதி இதுதான்: பேனலைப் பிறகு கூட்டலாம். பழைய பாட்டரியோடு புதிய பாட்டரியைச் சேர்க்கக் கூடாது. ஒயர், கண்ட்ரோலர், தாங்கி ஆகியவற்றை முதலிலேயே சற்றுப் பெரிதாகப் போட்டு விட வேண்டும்.

எதற்காகச் சூரிய மின்சாரம்?

கடைக்குப் போகுமுன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். மின் கட்டணத்தைக் குறைப்பது ஒரு நோக்கம். மின்சாரம் நின்ற நேரத்தில் வெளிச்சமும் காற்றும் கிடைப்பது மற்றொரு நோக்கம். இரண்டுக்கும் வேண்டிய கருவிகள் வெவ்வேறு.

கூரையில் பேனல் மாட்டி, பாட்டரி இல்லாமல் மின் துறைக் கம்பியோடு இணைக்கும் முறை, கட்டணத்தைக் குறைப்பதற்கானது. வெளியே மின்சாரம் நின்றால் இந்த அமைப்பும் தானாகவே நின்று விடும். பட்டப்பகலில் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விளக்கு எரியாது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் மீது மின்சாரம் பாய்ந்து விடக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இதை அறியாமல், மின்வெட்டுக்கு உதவும் என்று நம்பிப் பணம் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்தபடியாகக் கட்டணத்தைப் பார்ப்போம். தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016-ம் ஆண்டில் கட்டணமில்லாததாக ஆக்கப்பட்டது. 100 யூனிட் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 யூனிட். நான்கு எல்.இ.டி. பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு டி.வி. உள்ள சிறிய வீடு இதற்குள் அடங்கி விடக் கூடும். கட்டணமில்லா வரம்புக்குள் நிற்கும் வீட்டில் மிச்சப்படுத்தக் கட்டணம் என்று எதுவும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கம்பியோடு இணைக்கும் பெரிய அமைப்பு வேண்டியதில்லை. பாட்டரியோடு கூடிய சிறிய அமைப்பே போதுமானது.

அந்தச் சிறிய அமைப்பின் அருமை புயற்காலத்தில் தெரியும். 2011 டிசம்பர் 30-ம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது மின் கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2012-ல் மாநிலம் முழுவதும் நீண்ட நேர மின்வெட்டு இருந்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. வீட்டைச் சுற்றி வெள்ளம் நிற்கும் இரவில் ஒரு விளக்கும், உறவினரையும் அதிகாரிகளையும் அழைக்கச் சார்ஜ் உள்ள ஒரு செல்போனும் எத்தனை பெரிய துணை என்பதை இவ்வட்டார மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் செலவைக் குறைத்தல்

பேனல் வாங்குமுன், மின்சாரம் உறிஞ்சும் பொருள்களை மாற்ற வேண்டும். இதுவே மிகச் சிக்கனமான முதல் வேலை. பழைய 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 7 முதல் 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்து விடும். சாதாரணக் கூரை மின்விசிறி 75 வாட் அளவில் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மின்விசிறிக்கு முழு வேகத்தில் 28 முதல் 30 வாட் போதும். மெதுவாக ஓடும்போது அதிலும் பாதிதான். தேவை பாதியாகக் குறைந்தால் பேனலும் பாட்டரியும் பாதியாகக் குறையும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் உருவான நேர் மின்சார முறை இந்த எண்ணத்தின் மீதே எழுந்தது. பேனல் தருவதும் நேர் மின்சாரம், பாட்டரியில் இருப்பதும் நேர் மின்சாரம், எல்.இ.டி. பல்பும் புதுவகை மின்விசிறியும் உள்ளே பயன்படுத்துவதும் அதுவே. நடுவில் இன்வெர்ட்டர் வைத்து மாற்றி மாற்றி இழப்பானேன் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. மின் கம்பி எட்டாத ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஏறத்தாழ 4,000 வீடுகளில் இம்முறை அமைக்கப்பட்டது. வீட்டுக்கு 125 வாட் பேனல் ஒன்றுதான். அதைக் கொண்டே விளக்கும் மின்விசிறியும் இயங்கின. செல்போனும் சார்ஜ் ஆயிற்று.

முதற்படி: மூன்று விளக்கு, இரண்டு செல்போன்

கணக்கு எளிது. 5 வாட் பல்பு மூன்று, தினம் 5 மணி நேரம் எரிந்தால் 75 வாட்-மணி. இரண்டு செல்போனுக்குச் சுமார் 30 வாட்-மணி. ஆக நாளொன்றுக்கு 105 வாட்-மணி வேண்டும்.

பகல் 12 மணி நேரம் இருந்தாலும், முழு வேக வெயில் 5 மணி நேரம் என்றே கணக்கிட வேண்டும். சூடு, தூசி, ஒயர், பாட்டரி ஆகியவற்றில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் 4 மணி நேரம் மிஞ்சும். 50 வாட் பேனல் ஒன்று நல்ல நாளில் 200 வாட்-மணி தரும். மேகமூட்டத்தால் பாதியாகக் குறைந்தாலும் அன்றைய தேவைக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆகவே முதற்படிக்கு 50 வாட் பேனல் போதும்.

பாட்டரியைப் பொறுத்தவரை, ஈய-அமிலப் பாட்டரியில் உள்ளதில் பாதியை மட்டுமே செலவிட வேண்டும். மீதியையும் உறிஞ்சினால் அதன் ஆயுள் விரைவில் முடிந்து விடும். 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பாட்டரியில் 240 வாட்-மணி அடங்கும். அதில் பாதி 120. ஓர் இரவுக்குச் சரியாகப் போகும். 40 ஆம்பியர்-மணி பாட்டரியானால் இரண்டு இரவுக்கு வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்கு வரை செலவிடலாம். 20 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரியே ஏறத்தாழ இரண்டு இரவுக்கு வரும். விலை கூடுதல்; ஆயுளும் கூடுதல்.

இந்தச் சிறிய அமைப்பில் இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் போன்றவற்றைச் சேர்க்கவே கூடாது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் உண்பது, மூன்று விளக்கும் இரண்டு செல்போனும் 9 நாள் உண்பதற்குச் சமம். கிணற்று மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 5 குதிரைத்திறன் மோட்டார் 3,700 வாட்டுக்கு மேல் இழுப்பது. சூரிய சக்தி பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையைத் தனியே அணுக வேண்டும்.

முதலிலேயே பெரிதாகப் போட வேண்டியவை

1. ஒயர்: 12 வோல்ட்டில் மின்னோட்டம் அதிகம். மெல்லிய ஒயரில் மின்சாரம் சூடாகவே வீணாகும். 100 வாட் பேனலிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. தாமிர ஒயர் இழுத்தால், போகவர ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே தொலைந்து போகும். 4 சதுர மி.மீ. ஒயரில் இந்த இழப்பு அரை வோல்ட்தான். இன்று 50 வாட் பேனலே மாட்டினாலும் 4 சதுர மி.மீ. ஒயரே இழுத்து விட வேண்டும். வெயிலில் வெடிக்காத, சூரிய மின்சாரத்துக்கென்றே செய்யப்படும் ஒயராக இருத்தல் நலம்.

2. சார்ஜ் கண்ட்ரோலர்: பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவே மடை போல் நிற்பது இது. பாட்டரி நிரம்பியதும் அடைக்கும். வற்றும் நிலை வந்ததும் விளக்கை நிறுத்தும். 10 ஆம்பியர் கண்ட்ரோலரில் 100 வாட் வரை சேர்க்கலாம். 20 ஆம்பியர் கண்ட்ரோலரானால் 200 வாட் வரை தாராளமாகத் தாங்கும். பிற்பாடு பேனல் கூட்ட எண்ணுவோர் 20 ஆம்பியர் கண்ட்ரோலரையே வாங்க வேண்டும். லித்தியம் பாட்டரிக்கு ஏற்ற அமைப்பு அதில் உள்ளதா என்பதையும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

3. தாங்கி: ஒரு பேனலுக்கு மட்டும் சட்டம் அடிக்காமல், பக்கத்தில் இன்னும் இரண்டு பொருந்தும்படி இடம் விட்டு அமைக்க வேண்டும்.

4. வோல்ட்: முதலில் 12 வோல்ட் என்று தொடங்கினால் பல்பு, மின்விசிறி எல்லாம் 12 வோல்ட்டாகவே வாங்க வேண்டும். இந்த ஒயரை 230 வோல்ட் ஒயர் செல்லும் குழாயில் சேர்த்து இழுக்கக் கூடாது. பிளக்கும் வேறு வகையாக இருக்க வேண்டும். குழந்தைகள் மாற்றிச் செருகினால் ஆபத்து.

பாட்டரியில்தான் பலர் தவறுகின்றனர்

ஒரு பாட்டரி போதவில்லை என்றதும் பக்கத்தில் இன்னொன்றை வைத்து இணைத்து விடுவது வழக்கமாக இருக்கிறது. இது தவறு. கிழட்டு மாட்டோடு இளங்காளையை நுகத்தில் பூட்டினால் இரண்டும் கெடும். பழைய பாட்டரி சீக்கிரம் வற்றும். புதியது அதற்கும் சேர்த்து உழைக்கும். சில மாதங்களில் புதியதும் பழையதாகி விடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பிற்பாடு தேவைப்படும் என்று எண்ணி, 50 வாட் பேனலுக்குப் பெரிய ஈய-அமிலப் பாட்டரியை வாங்கி வைப்பதும் கூடாது. சிறிய பேனலால் அதை முழுதாக நிரப்ப முடியாது. என்றும் அரைகுறையாக நிற்கும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் உப்புப் போன்ற படிவு ஏறி, அது நிரந்தரமாகச் சக்தி இழக்கும். பேனலுக்குத் தக்க பாட்டரி என்பதே சரியான அளவு.

இரண்டாம் படி: மின்விசிறி

மின்விசிறி சேர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மின்விசிறிக்கெனத் தனிச் செட் அமைப்பது. 28 வாட் மின்விசிறி இரவு 8 மணி நேரம் ஓட 224 வாட்-மணி வேண்டும். 100 வாட் பேனல் நல்ல நாளில் 400 வாட்-மணி தரும். 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பாட்டரி அல்லது 25 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி ஓர் இரவுக்குப் போதும். விளக்குச் செட்டைத் தொடவே வேண்டியதில்லை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும். மழைக்காலத்தில் மின்விசிறி தேவைப்படாத நாட்களில் அந்தப் பாட்டரியிலிருந்து செல்போனைச் சார்ஜ் செய்து கொள்ளலாம்.

இரண்டாம் வழி, முதல் பாட்டரியின் ஆயுள் முடியும் வரை காத்திருப்பது. ஈய-அமிலப் பாட்டரி நல்ல பராமரிப்பில் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். அது முடியும் சமயத்தில் பெரிய பாட்டரி ஒன்றை வைத்து, பழைய 50 வாட் பேனலோடு புதிய 100 வாட் பேனலையும் அதே கண்ட்ரோலரில் சேர்த்து விடலாம். முதலிலேயே பெரிய ஒயரும் 20 ஆம்பியர் கண்ட்ரோலரும் போட்டதன் பலன் அன்று கிடைக்கும்.

பேனல்களைச் சேர்க்கும்போது ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பேனலின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் வோல்ட் அச்சிடப்பட்டிருக்கும். 12 வோல்ட் பாட்டரிக்கு ஏற்ற பேனல் வேலை செய்யும்போது 18 வோல்ட் அளவில் இருக்கும். வாட் வேறாக இருந்தாலும், வோல்ட் ஒன்றாக உள்ள பேனல்களைப் பக்க இணைப்பாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேர்க்கலாம். மாடி வீடுகளில் மாட்டும் 540 வாட் பெரிய பேனல் 40 வோல்ட் அளவில் வேலை செய்வது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கிச் சாதாரணக் கண்ட்ரோலரில் மாட்டினால் பாதிக்கு மேல் வீணாகும். கண்ட்ரோலரும் எரிந்து போகலாம். அதற்கு எம்.பி.பி.டி. எனப்படும் விலை கூடிய கண்ட்ரோலர் வேண்டும்.

ஏற்கெனவே இன்வெர்ட்டர் உள்ள வீடுகள்

2008 முதல் 2012 வரையிலான மின்வெட்டுக் காலத்தில் கிராமங்களிலும் பலர் வீட்டு இன்வெர்ட்டர் வாங்கினர். அவ்வாறு இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பாட்டரியும் உள்ளவர்கள், செலவில் பெரும்பகுதியை ஏற்கெனவே செய்து விட்டவர்கள் எனலாம். அந்தப் பாட்டரி நல்ல நிலையில் இருந்தால், பேனலும் தகுந்த கண்ட்ரோலரும் சேர்த்தாலே போதும். பகலில் வெயிலே பாட்டரியை நிரப்பும். மின்சாரம் நீண்ட நாள் வராவிட்டாலும் பாட்டரி வற்றிக் கிடக்காது. புதிய சூரிய இன்வெர்ட்டர் வாங்குமாறு யாரேனும் சொன்னால், பழையதையே பயன்படுத்த இயலுமா என்று இன்னொரு மெக்கானிக்கிடமும் கேட்பது நல்லது.

பசுமை வீட்டுப் பேனல்கள்

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்ற இலக்கில் 300 சதுர அடி வீடுகள் கட்டித் தரப்பட்டன. வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் அமைக்கப்பட்டன. அத்தகைய வீடுகளில் விளக்கு எரியாமல் கிடந்தால், பேனலைப் பழைய இரும்புக்குப் போட்டு விடக் கூடாது. பாட்டரி சில ஆண்டில் தீரும்; பேனல் 20, 25 ஆண்டு உழைக்கும். உச்சி வேளையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் செய்து, பேனலின் வோல்ட்டும் ஆம்பியரும் சீட்டில் உள்ள அளவுக்கு அருகில் இருந்தால் பேனல் நன்றாக இருக்கிறது என்று பொருள். புதிய பாட்டரியும் எல்.இ.டி. பல்புகளும் போட்டால் விளக்கு மீண்டும் எரியும். அந்தக் குடும்பத்துக்கு முதற்படியின் செலவில் ஒரு பகுதி மிச்சம்.

கட்டணம் கட்டும் வீடுகளுக்கு

குளிர்பதனப் பெட்டி, கிரைண்டர், இரண்டு மூன்று மின்விசிறி என்று உபயோகித்து, இரண்டு மாதத்துக்கு 400, 500 யூனிட் வரை கட்டணம் கட்டும் குடும்பங்களுக்குக் கம்பியோடு இணைக்கும் முறை பயன் தரும். 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். இதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரியின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. கம்பியோடு இணைத்த அமைப்புக்கே இம்மானியம் உரியது. பேனல் உள்நாட்டில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பாட்டரி மட்டும் கொண்ட தனிச் செட்டுக்கு இது பொருந்தாது. இப்போது 1 கிலோவாட் போட்டுப் பின்னர் கூட்ட எண்ணுவோர், கூட்டும் பகுதிக்கு மானியம் உண்டா, மறுபடி அனுமதி வேண்டுமா என்பதை மின் துறைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, எழுத்து மூலம் பெற்றுக் கொள்வது நலம்.

இங்கும் படிப்படியாகப் போகலாம். ஆனால் இன்வெர்ட்டரைக் கவனிக்க வேண்டும். பிற்பாடு உதவும் என்று 3 கிலோவாட் இன்வெர்ட்டரை வாங்கி, இரண்டே பேனலை இணைத்தால், அது வேலை தொடங்கத் தேவையான வோல்ட் கிடைக்காமல் போகலாம். எத்தனை பேனலிலிருந்து அது இயங்கும் என்று வாங்குமுன் கேட்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாகப் பொருத்தும் மைக்ரோ இன்வெர்ட்டர்களும் வந்துள்ளன. வாட்டுக்கு விலை கூடினாலும் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கொண்டு போக அவை ஏற்றவை.

ஜெர்மனியில் பலகணிக் கைப்பிடியில் ஓரிரு பேனலை மாட்டி, வீட்டுப் பிளக்கிலேயே செருகி விடும் பழக்கம் பரவியுள்ளது. 2024-ல் அங்கே 800 வாட் வரை இதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது. அதைப் பார்த்து இங்கேயும் அனுமதியின்றிச் செருகக் கூடாது. விபத்துக்கு இடமுண்டு என்பதோடு, இரு வழி அளக்காத மீட்டர்கள் பல, வெளியே போகும் மின்சாரத்தையும் செலவாகவே பதிவு செய்யும். சொந்த மின்சாரத்துக்கே கட்டணம் கட்ட நேரிடும்.

வங்க தேசம் காட்டும் பாடம்

சிறிய அமைப்பு, சிறிய தவணை என்ற முறையை உலகிலேயே பெரிய அளவில் செய்து காட்டியது வங்க தேசம். 2003-ல் அங்கே தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டத்தில், குடும்பங்கள் விலையில் சிறு பகுதியை முன்பணமாகக் கட்டி, மீதியை மூன்று ஆண்டு வரை தவணையில் அடைத்தன. 2018-க்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கேற்றப்பட்டது. மண்ணெண்ணெய்க்குச் செலவான காசே தவணையாக மாறியது எனலாம்.

ஆனால் கிராமங்களுக்கு மின் கம்பி வந்து சேர்ந்ததும் புதிதாக வாங்குவோர் குறைந்தனர். திட்டமும் முடிவுக்கு வந்தது. விழுப்புரம் மாவட்டத்திலோ மின் கம்பி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே கம்பி மின்சாரத்துக்குப் போட்டியாகச் சூரிய மின்சாரத்தை எண்ணாமல், கம்பி கைவிடும் நேரத்துக்குத் துணையாக அளவோடு அமைப்பதே இங்கு பொருத்தம். இதே மாவட்டத்தில் வானூர் வட்டத்திலுள்ள ஆரோவில்லில் பேனலும் பாட்டரியும் கொண்ட வீடுகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்து வருகின்றன. நேரில் பார்க்க விரும்புவோருக்கு அது தொலைவில்லை.

பணக் கணக்கு

பேனலின் விலையை அதன் வாட்டால் வகுத்துப் பார்த்தே ஒப்பிட வேண்டும். உதாரணமாக, 50 வாட் பேனல் ரூ.2,500 என்றும் 100 வாட் பேனல் ரூ.4,000 என்றும் கடைக்காரர் சொன்னால், முதலாவது வாட்டுக்கு ரூ.50, இரண்டாவது ரூ.40. சிறிதாக வாங்குவதில் வாட்டுக்கு விலை சற்றுக் கூடும் என்பது உண்மையே. படிப்படியாகப் போனால் மொத்தச் செலவு கொஞ்சம் அதிகமாகும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ரூ.60,000 கடன் வாங்கி ஒரே முறையில் போட்டால், 12 சதவீத வட்டியில் முதலாண்டு வட்டி மட்டும் ரூ.7,200 ஆகிறது. நகையை அடகு வைத்துப் போட்டு, அந்த ஆண்டு மழை பொய்த்தால் விளக்கு எரியும், நகை திரும்பாது. கடனில்லாமல் சிறுகச் சேர்ப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. மேலும் பேனலின் விலை ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தே வந்திருக்கிறது. 1977-ல் வாட்டுக்கு 70 டாலருக்கு மேல் விற்றது, இன்று உலகச் சந்தையில் கால் டாலருக்கும் கீழே இறங்கியுள்ளது. சூரிய மின் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பேனல் கூட்டுவதைத் தள்ளிப் போடுவதால் நஷ்டமில்லை.

படிகளை வெள்ளாமையோடு பொருத்திக் கொள்வது நல்லது. மார்கழிப் பட்டத்து மணிலா விற்ற பணம் பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். கோடைக்கு மின்விசிறி போட அது தக்க தருணம். ஆடிப்பட்டத்து வெள்ளாமைப் பணம் ஐப்பசி மழைக்கு முன் வந்தால் விளக்குச் செட்டை முடித்து விடலாம். எந்தப் படியானாலும் பில், உத்தரவாத அட்டை, பேனலின் வரிசை எண் ஆகியவற்றை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

மாட்டும் முறையும் பராமரிப்பும்

விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் உள்ளன. பேனல் தெற்கு நோக்கி 12 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். 1 மீட்டர் நீளப் பேனலுக்கு வடக்கு விளிம்பை 21 செ.மீ., அதாவது ஒரு சாண் அளவு உயர்த்தினால் இந்தச் சாய்வு கிடைத்து விடும். மழைநீர் வழிந்தோடவும் இது உதவும்.

தென்னை ஓலை, முருங்கைக் கிளை ஆகியவற்றின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி பெருமளவு குறையும். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நிழல் விழாத இடமாகப் பார்க்க வேண்டும். கூரை வீடு, ஓட்டு வீடு, சிமெண்ட் ஷீட் வீடு ஆகியவற்றில் பேனலைக் கூரை மீது வைக்காமல், முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டு, அடியில் கான்கிரீட் போட்டு மாட்டுவது பாதுகாப்பானது. புயற்காற்றில் பேனல் பாய்மரம் போல் காற்றை வாங்கும் என்பதால், கட்டுக்கம்பியை நம்பாமல் நட்டு, போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கல்குவாரி, செங்கற்சூளை, நெல் களம் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் வாரந்தோறும் துடைப்பது அவசியம். உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மீது குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது.

ஈய-அமிலப் பாட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அதிலிருந்து எரியும் வாயு வெளிவரும் என்பதால் அடுப்புக்கு அருகிலும் படுக்கையறையிலும் வைத்தல் ஆகாது. மாதம் ஒருமுறை நீர் மட்டம் பார்த்து, சுத்திகரித்த பாட்டரி நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீர், குழாய் நீர் உதவாது. முனைகளில் பச்சைப் படிவு இருந்தால் துடைத்து வாசலின் தடவ வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு தொடங்க எண்ணுவோர் இரண்டு மின்கட்டண அட்டைகளைப் பார்த்து யூனிட்டைக் குறித்துக் கொண்டு, மின்வெட்டு நேரத்தில் எந்தெந்த விளக்கு கட்டாயம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு கடைக்குச் செல்வது நலம். அந்தத் தாளில் உள்ளதற்கு மட்டும் விலை கேட்க வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் மூன்று விளக்குச் செட் வீட்டில் மாட்டப்பட்டு விட்டால், புயல் அடிக்கும் இரவிலும் அடுப்படியில் வெளிச்சம் இருக்கும். மின்விசிறிக்கு அடுத்த மணிலா அறுவடை வரை காத்திருக்கலாம்.